குறைதிறன் கம்பியில்லா வலையமைப்புகளில் அனுப்புதிறனை அளவறிந்து நிர்வகிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பேட்டரியில் இயங்கும் சிறு கம்பியில்லா கருவிகளை நிறுவுபவர்கள் அனுப்புதிறன் விஷயத்தில் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் எல்லாக் கணுக்களையும் (வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கருவியும் ஒரு கணு) சிப் தரக்கூடிய உச்சத் திறனில் வைத்துவிட்டு, பேட்டரி இவ்வளவு சீக்கிரம் தீர்கிறதே என்று வருந்துகிறார்கள். வேறு சிலர் சிக்கனம் கருதித் திறனைக் கண்மூடித்தனமாகக் குறைத்துவிட்டு, சேராத பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவதிலேயே மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகச் செலவழிக்கிறார்கள். நாம் குறைக்க வேண்டியது அனுப்புதிறனை அல்ல. போய்ச் சேர்ந்த ஒவ்வொரு செய்திக்கும் ஆகும் மின்செலவை. இந்த வழிகாட்டியின் படிகள் அனைத்தும் அந்த ஓர் அளவுகோலை வைத்தே அமைந்தவை.

தொடங்கும் முன் அலகைப் பற்றி ஒரு வார்த்தை. அனுப்புதிறன் டிபிஎம் என்ற மடக்கை அலகில் சொல்லப்படுகிறது. 0 டிபிஎம் என்பது 1 மில்லிவாட். 10 டிபிஎம் 10 மில்லிவாட். 14 டிபிஎம் ஏறத்தாழ 25 மில்லிவாட். 20 டிபிஎம் 100 மில்லிவாட். இரு டிபிஎம் அளவுகளுக்கு இடையிலான வேறுபாடு டெசிபலில் சொல்லப்படும். 3 டெசிபல் கூடினால் திறன் இரட்டிப்பாகும். தடையில்லாத வெளியில் தூரத்தை இரட்டிப்பாக்க 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு திறன் தேவைப்படும்.

படி 1: மின்னூட்டம் எங்கே போகிறது என்று கணக்கெடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம். ஆனால் அனுப்புதிறனைத் தொடுவதற்கு ஏதாவது பயன் உண்டா என்பதையே இந்தக் கணக்குதான் சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் விநாடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் பேசும் 802.15.4 (சிக்பீ போன்றவற்றுக்கு அடிப்படையான குறைதிறன் தரநிலை) வகைக் கணு ஒன்று நிமிடத்துக்கு ஒருமுறை 40 பைட் அளவுள்ள பாக்கெட்டை அனுப்புகிறது. முகப்பு பைட்டுகளையும் சேர்த்தால் அது காற்றில் இருக்கும் நேரம் சுமார் 1.5 மில்லிவிநாடி. பழைய சிப்பானாலும் பலருக்கும் பழக்கமான சிசி2420, 0 டிபிஎம்மில் 17.4 மில்லியாம்பியர் எடுத்துக்கொள்ளும். ஆக, ஓர் அனுப்புதலுக்கு 26 மைக்ரோகூலும் (மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் வரும் மின்னூட்டத்தின் அலகு). அதே நிமிடத்தில் கருவி உறக்க நிலையில் 5 மைக்ரோஆம்பியர் எடுக்கிறது என்று கொண்டால், அதற்கு மட்டும் 300 மைக்ரோகூலும் போகிறது. அனுப்புதிறனை 10 டெசிபல் குறைத்து மின்னோட்டத்தைச் சுமார் 11 மில்லியாம்பியருக்குக் கொண்டுவந்தாலும் கிடைக்கும் மிச்சம் 10 மைக்ரோகூலுமுக்கும் குறைவு. மொத்தச் செலவில் 3 சதவீதம்.

இதே சிப் செவிமடுக்கும்போது 18.8 மில்லியாம்பியர் எடுக்கிறது என்பதை இதனோடு சேர்த்துப் பாருங்கள். கேட்பது பேசுவதைவிடச் செலவு! ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் ஏற்பி தேவைக்கு மேல் 10 மில்லிவிநாடி விழித்திருந்தால் 188 மைக்ரோகூலும் வீணாகிறது; ஏழு அனுப்புதல்களின் செலவு அது. இத்தகைய வலையமைப்பில் முதலில் திருத்த வேண்டியவை வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் நேரமும் உறக்க மின்னோட்டமும்தான். அவற்றைச் சரிசெய்யாமல் அனுப்புதிறனில் கைவைப்பது ஓட்டைக் குடத்தின் வாயைத் துணியால் கட்டுவது போன்றது.

லோரா போன்ற நெடுந்தூரத் தொழில்நுட்பத்தில் படம் தலைகீழாக மாறும். 125 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்தில் 23 பைட் பாக்கெட் ஒன்று, பரவல் காரணி (இது உயர உயர வேகம் குறைந்து எட்டும் தூரம் கூடும்) 12இல் ஏறத்தாழ 1.48 விநாடி காற்றில் இருக்கும். எஸ்எக்ஸ்1276 சிப் 13 டிபிஎம்மில் 29 மில்லியாம்பியர் எடுக்கிறது. எனவே ஒரு பாக்கெட்டுக்கு 43 மில்லிகூலும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் கணுவில், 5 மைக்ரோஆம்பியர் உறக்கச் செலவு அந்தப் பத்து நிமிடத்துக்கும் சேர்த்து 3 மில்லிகூலும் மட்டுமே. இங்கே அனுப்புதலே செலவின் பெரும்பங்கு. இதை நிர்வகிக்காமல் வேறு எதை நிர்வகித்தும் பயனில்லை.

உங்கள் கருவியில் இந்தக் கணக்கைப் போட, பேட்டரிக்குத் தொடராக ஒரு சிறு மின்தடையை வைத்து அலைக்காட்டியில் அதன் மின்னழுத்தத்தைப் பார்க்கலாம். அல்லது மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் கருவியைப் பயன்படுத்தலாம். சாதாரணப் பல்லளவி போதாது. அது சராசரியைக் காட்டுமே தவிர, சில மில்லிவிநாடியில் வந்து மறையும் துடிப்புகளைக் காட்டாது.

படி 2: சிப்பின் மின்னோட்ட அட்டவணையைப் படியுங்கள்

அனுப்புதிறனைப் பாதியாக்கினால் மின்செலவும் பாதியாகும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அப்படியில்லை. சிசி2420 சிப் 0 டிபிஎம்மில், 3 வோல்ட் மின்னழுத்தத்தில், 52 மில்லிவாட் உள்வாங்கி 1 மில்லிவாட்டை மட்டுமே ஆன்டெனாவுக்குத் தருகிறது. மீதி, அதிர்வெண் உருவாக்கிக்கும் கலப்பிகளுக்கும் பிற சுற்றுகளுக்கும் போகிறது. பெருக்கியிலும் இழப்பு உண்டு. அதனால்தான் திறனை -25 டிபிஎம்முக்கு இறக்கி, வெளியேறும் அலையை முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்தாலும் மின்னோட்டம் 8.5 மில்லியாம்பியருக்குக் கீழே இறங்குவதில்லை. வெளியேறும் திறனை முந்நூறு மடங்கு விட்டுக்கொடுத்து, செலவில் பாதியை மட்டும் மிச்சம் பிடிக்கிறோம்.

மேற்படிகளில் நிலைமை வேறு. என்ஆர்எஃப்52840 சிப் 0 டிபிஎம்மில், உள் மின்மாற்று சீராக்கி இயங்கும்போது, 4.8 மில்லியாம்பியர் எடுக்கிறது; 8 டிபிஎம்மில் 14.8 மில்லியாம்பியர். எஸ்எக்ஸ்1276இல் 13 டிபிஎம்முக்கு 29, 17 டிபிஎம்முக்கு 87, 20 டிபிஎம்முக்கு 120 மில்லியாம்பியர். 13இலிருந்து 17க்கு ஏறும் இடத்தில் செலவு மும்மடங்காவதைக் கவனியுங்கள். சிப்பின் உள்ளே வேறொரு பெருக்கிக்கும் வேறொரு முனைக்கும் மாறுவதே அதன் காரணம். பல சிப்புகளில் இப்படி ஒரு திருப்புமுனை உண்டு. அதற்கு மேலுள்ள படிகளைத் தவிர்ப்பதில்தான் உண்மையான லாபம். மிகக் கீழ்ப்படிகளுக்கு இறங்குவதில் பேட்டரிக்குப் பெரிய நன்மை எதுவும் இல்லை. அண்டைக் கணுக்களுக்கான குறுக்கீடு குறையும் என்பது மட்டுமே அங்கே கிடைக்கும் பயன்.

படி 3: இணைப்புக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

அனுப்புதிறனோடு இரு ஆன்டெனாக்களின் ஈட்டத்தையும் (ஒரு திசையில் அலையைக் குவிக்கும் அளவு) கூட்டி, பாதை இழப்பைக் கழித்தால் ஏற்பியில் கிடைக்கும் சிக்னல் வலிமை வரும். அதிலிருந்து ஏற்பியின் உணர்திறனை, அதாவது அது புரிந்துகொள்ளக்கூடிய மிகப் பலவீனமான சிக்னல் அளவை, கழித்தால் எஞ்சுவது கையிருப்பு. 2.4 கிகாஹெர்ட்ஸில் முதல் மீட்டரில் இழப்பு சுமார் 40 டெசிபல். அதன் பின் தடையில்லாத வெளியில் தூரம் பத்து மடங்காகும்போதெல்லாம் 20 டெசிபலும், சுவர்களும் தளவாடங்களும் உள்ள கட்டடத்துக்குள் தோராயமாக 30 டெசிபலும் கூடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கட்டடத்துக்குள் 10 மீட்டர் தொலைவில் இழப்பு 70 டெசிபல். 0 டிபிஎம்மில் அனுப்பினால் -70 டிபிஎம் வந்து சேரும். ஏற்பியின் உணர்திறன் -95 டிபிஎம் என்றால் கையிருப்பு 25 டெசிபல். இந்தக் கணு 12 டெசிபல் இறங்கினாலும் 13 டெசிபல் மிஞ்சும். அதே கட்டடத்தில் 30 மீட்டர் தொலைவிலுள்ள கணுவுக்கு இழப்பு 84 டெசிபல். அதன் கையிருப்பு ஏற்கெனவே 11 டெசிபல்தான். ஆகவே முன்னதைக் குறைக்கலாம், பின்னதைத் தொடக்கூடாது. எல்லாக் கணுக்களுக்கும் ஒரே மதிப்பை எழுதிவைப்பது ஏன் பொருந்தாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

படி 4: களத்தில் அளந்து பாருங்கள்

காகிதக் கணக்கு வெறும் தொடக்கம். சுவரில் பட்டும் தரையில் பட்டும் வரும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும். சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், ஒரு கணுவைச் சில சென்டிமீட்டர் நகர்த்தினாலே சிக்னல் 10 டெசிபலுக்கு மேல் மாறக்கூடும். திறனைக் கூட்டும் முன் கருவியை ஒரு கையகலம் நகர்த்திப் பார்ப்பது, செலவே இல்லாத, ஆனால் பலரும் மறந்துவிடும் வைத்தியம்.

அளவீட்டுக்கு, ஒவ்வொரு திறன் படியிலும் குறைந்தது இருநூறு பாக்கெட்டுகளை வரிசை எண்ணோடு அனுப்புங்கள். ஏற்பியில் வரிசை எண், சிக்னல் வலிமை, இரைச்சல் அளவு ஆகியவற்றைப் பதியுங்கள். இதைப் பகல், இரவு, ஆள் நடமாட்டம் உள்ள நேரம், இல்லாத நேரம் என வெவ்வேறு வேளைகளில் செய்யுங்கள். மனித உடலும் ஈரமான இலைகளும் இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும்.

பதிவைப் படிக்கும்போது ஒரு பொறியில் விழாமல் இருக்க வேண்டும். சிக்னல் வலிமையின் சராசரி எப்போதும் வந்து சேர்ந்த பாக்கெட்டுகளின் சராசரியே. தொலைந்தவை எவ்வளவு பலவீனமாக இருந்தன என்பது எங்கும் பதிவாவதில்லை. அதனால் பாதிப் பாக்கெட்டுகளைத் தவறவிடும் இணைப்புகூட, சராசரியை மட்டும் பார்த்தால் ஆரோக்கியமாகத் தெரியும். வரிசை எண்களில் விழுந்த இடைவெளியை எண்ணிச் சேர்ப்பு விகிதத்தைக் கணக்கிடுவதே நம்பகமான வழி. தவிர, சிசி2420இன் தரவுத்தாளே அதன் சிக்னல் அளவீட்டில் 6 டெசிபல் வரை பிழை இருக்கலாம் என்கிறது. ஒரு கணுவின் எண்ணை மற்றொரு கணுவின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம்.

படி 5: சேர்ந்த செய்திக்கான செலவைக் கணக்கிட்டுத் திறனைத் தேர்ந்தெடுங்கள்

இதுவே மையமான படி. படி 1இன் கணுவையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு முயற்சியிலும் 1.5 மில்லிவிநாடி அனுப்பிவிட்டு, ஒப்புகைக்காக (பாக்கெட் கிடைத்தது என்ற பதில்) 0.8 மில்லிவிநாடி ஏற்பியைத் திறந்து வைக்கிறது. அந்தக் காத்திருப்புக்கு மட்டும் 15 மைக்ரோகூலும். களத்தில் 0 டிபிஎம்மில் 99, -5 டிபிஎம்மில் 97, -10 டிபிஎம்மில் 60 சதவீதப் பாக்கெட்டுகள் சேர்ந்தன என்று கொள்வோம்.

0 டிபிஎம்மில் ஒரு முயற்சிக்கு 41 மைக்ரோகூலும், 0.99ஆல் வகுத்தால் 41.5. -5 டிபிஎம்மில் மின்னோட்டம் 14 மில்லியாம்பியர். ஒரு முயற்சிக்கு 36, வகுத்தால் 37. -10 டிபிஎம்மில் ஒரு முயற்சிக்கு 31.5 மட்டுமே, ஆனால் 0.6ஆல் வகுத்தால் 52.5 ஆகிவிடுகிறது. மிகக் குறைந்த திறனே மிக அதிகச் செலவு! மறுமுயற்சிகளுக்கு முன்னால் அலைவரிசை காலியாக உள்ளதா என்று கேட்டுப்பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

சேர்ப்பு விகிதம் மெதுவாகச் சரிவதில்லை. சில டெசிபல்களுக்குள் செங்குத்தாக விழுகிறது. அந்த விளிம்புக்கு மேலே, சரிவு தொடங்கும் இடத்திலிருந்து குறைந்தது 8 முதல் 10 டெசிபல் கையிருப்போடு நிற்கும் மிகக் கீழான படியைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் பரிந்துரை. கதவுகள் திறந்து மூடும் இடமாகவோ ஆட்கள் குறுக்கே நடக்கும் இடமாகவோ இருந்தால் கையிருப்பை 15 டெசிபலாக வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 6: தானாகச் சரிசெய்துகொள்ளும் சுற்றை அமையுங்கள்

நிலையாக எழுதிவைத்த திறன் சில மாதங்களில் பொருந்தாமல் போகலாம். ஓர் அலமாரியை நகர்த்தினால் போதும். எனவே கணுவே தன் திறனைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு நல்லது. ஆனால் அதை அவசரமாக எழுதினால் இணைப்பு ஊசலாடத் தொடங்கிவிடும்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் எந்தத் திறனில் அனுப்பப்பட்டது என்பதை ஒரு பைட்டில் எழுதுங்கள். பெறுபவர் அந்த எண்ணிலிருந்து பெற்ற வலிமையைக் கழித்தால் பாதை இழப்பு கிடைக்கும். சேமித்துவைக்க வேண்டியது இந்த இழப்பைத்தான். வெறும் சிக்னல் வலிமை, திறன் மாறும்போதெல்லாம் பொருளிழக்கும் எண். இழப்பின் நகரும் சராசரியை ஒவ்வோர் அண்டைக் கணுவுக்கும் தனித்தனியே வைத்துக்கொண்டு, பெற்ற வலிமையை ஒப்புகையோடு திருப்பி அனுப்பச் செய்யுங்கள். ஒப்புகையில் இடமில்லையென்றால் அடுத்த தரவுப் பாக்கெட்டோடு சேர்த்து அனுப்பலாம்.

பெற்ற வலிமைக்கு இலக்காக ஒற்றை எண்ணை அல்ல, ஒரு பட்டையை வையுங்கள். உணர்திறன் -95 டிபிஎம் என்றால் -85 முதல் -75 வரை என்பது நியாயமான பட்டை. பட்டையின் அகலம் சிப்பின் திறன் படியைவிடக் கணிசமாகப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு படி ஏறினால் மேல் எல்லையையும் ஒரு படி இறங்கினால் கீழ் எல்லையையும் தாண்டி, கணு ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே வேகத்தில் நடக்கக்கூடாது. தொடர்ந்து இரண்டு ஒப்புகை தவறினால் உடனே இரண்டு படி ஏறுங்கள். அதற்கு மேலும் தவறினால் உச்சத்துக்கே போய்விடுங்கள். இறங்கும்போதோ, முப்பது பாக்கெட்டுகளாவது தடையின்றிச் சேர்ந்து, பெற்ற வலிமையின் சராசரி பட்டைக்கு மேலே நின்ற பிறகு ஒரே ஒரு படி.

பெற்ற வலிமை நன்றாக இருந்தும் பாக்கெட்டுகள் தொலைகின்றன என்றால் காரணம் பெரும்பாலும் குறுக்கீடு. அருகிலுள்ள வைஃபை அலைவரிசையை நிரப்பிக்கொண்டிருக்கும்போது திறனைக் கூட்டுவது, சந்தைக் கூச்சலில் இன்னும் உரக்கக் கத்துவது போன்றது. அப்போது அலைவரிசையை மாற்றுங்கள். இந்த வேறுபாட்டை நிரலில் எழுதாமல் விட்டதால், குறுக்கீடு வந்த நேரத்தில் எல்லாக் கணுக்களும் ஒருசேர உச்சத்துக்கு ஏறி, ஒன்றையொன்று நெரித்துக்கொண்ட வலையமைப்பைப் பார்த்திருக்கிறேன்.

லோராவான் பயன்படுத்துவோருக்கு

லோரா மேல் இயங்கும் லோராவான் நெறிமுறையில் இந்தச் சுற்றைப் பெரும்பாலும் வலையமைப்புச் சர்வரே நடத்துகிறது. பரவலாகப் பயன்படும் முறைப்படி, கடைசி 20 செய்திகளில் கிடைத்த மிக உயர்ந்த சிக்னல்-இரைச்சல் விகிதத்திலிருந்து, பரவல் காரணிக்குத் தேவையான அளவையும் வழக்கமாக 10 டெசிபல் கையிருப்பையும் கழித்து, மிஞ்சியதை 3ஆல் வகுத்துப் படிகளாக்குகிறார்கள். தேவையான அளவு பரவல் காரணி 7க்கு -7.5, 10க்கு -15, 12க்கு -20 டெசிபல். பரவல் காரணி 10இல் +11 டெசிபல் கிடைத்தால் மிச்சம் 16. அதாவது 5 படிகள். முதல் மூன்று படிகள் பரவல் காரணியை 7க்குக் கொண்டுவரும். மீதி இரண்டு மட்டுமே அனுப்புதிறனைக் குறைக்கும்.

இந்த வரிசை மிகச் சரியானது. முன்பு பார்த்த 23 பைட் பாக்கெட், பரவல் காரணி 12இல் 1.48 விநாடியும் 7இல் 62 மில்லிவிநாடியும் எடுக்கிறது. காற்றில் இருக்கும் நேரம் இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்குவதற்கு ஈடாக எந்தத் திறன் குறைப்பும் வராது. எப்போதும் வேகத்தை முதலில் கூட்டி, அதன் பிறகே திறனைக் குறையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த முறை மிக உயர்ந்த மதிப்பையே எடுத்துக்கொள்வதால், ஏற்ற இறக்கம் மிகுந்த இணைப்பை அது அளவுக்கு மீறி நம்பிவிடும். அத்தகைய கணுக்களுக்குக் கையிருப்பை 15ஆக உயர்த்துங்கள். நகரும் கருவிகளில் இந்தத் தானியங்கித் தழுவலை அணைத்துவிடுங்கள். தொடர்பு அறுந்த நிலையான கணு மீள்வதற்கு நெறிமுறையிலேயே வழி இருக்கிறது: இயல்பு மதிப்பின்படி, 64 செய்திகள் வரை பதில் எதுவும் வராவிட்டால் கணு பதில் கேட்கத் தொடங்கும், மேலும் 32 செய்திகளுக்குப் பின் முதலில் திறனை மீட்டெடுக்கும், பிறகு வேகத்தைக் குறைக்கும். நாளொன்றுக்கு நான்கே செய்தி அனுப்பும் கருவியில் இது 24 நாள் என்பதை மறக்க வேண்டாம்; தேவையெனில் அந்த எல்லைகளைக் குறைத்து அமையுங்கள்.

புளூடூத்தில் வேலை எளிது. 5.2ஆம் பதிப்பிலிருந்து, இணைப்பில் உள்ள இரு கருவிகளும் ஒன்று மற்றொன்றிடம் திறனைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம். சிப்பும் மென்பொருளும் ஆதரித்தால் அதைப் பயன்படுத்துங்கள். இணைப்பு இல்லாமலே எல்லோருக்கும் ஒலிபரப்பப்படும் விளம்பரப் பாக்கெட்டுகளுக்கு அது பொருந்தாது. அவற்றின் திறனை நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

படி 7: வலையமைப்பு முழுவதையும் சேர்த்துப் பாருங்கள்

ஒரு கணு திறனைக் குறைத்தால் அதன் குரலைக் கேட்கும் அண்டைக் கணுக்களின் எண்ணிக்கையும் குறைகிறது. அலைவரிசை காலியென்று நம்பி அவை பேசத் தொடங்கினால், பலவீனமான பாக்கெட் நடுவழியில் மோதி அழியும். திறன் வேறுபாடு பெரிதாக உள்ள வலையமைப்புகளில் மோதல் எண்ணிக்கையைத் தனியே கவனியுங்கள். ஒரு திசை மட்டும் வேலை செய்யும் இணைப்பும் இப்படியே உருவாகிறது: கணுக்களின் தரவைச் சேகரிக்கும் கேட்வே 20 டிபிஎம்மில் பேசுவதைக் கணு நன்றாகக் கேட்கும், 0 டிபிஎம்மில் அது தரும் பதில் கேட்வேயை எட்டாது. வழித்தேர்வுக்கான அறிவிப்புப் பாக்கெட்டுகளை எப்போதும் மாறாத ஒரே திறனில் அனுப்புங்கள். அவற்றின் திறனும் ஆடினால், கணுக்கள் வழிகளை ஒப்பிடவே முடியாது.

இடைக் கணுக்கள் வழியாகக் கடத்தும் பல சிறு தாவல்கள் ஒரு நீண்ட தாவலைவிடச் சிக்கனம் என்ற நம்பிக்கையையும் கணக்கிட்டுப் பாருங்கள். சிசி2420இல் 0 டிபிஎம்மில் ஒரே தாவல்: அனுப்புபவர் 17.4, பெறுபவர் 18.8, மொத்தம் 36.2 மில்லியாம்பியர். -25 டிபிஎம்மில் இரண்டு தாவல்: 8.5உம் 18.8உம் சேர்ந்து இருமுறை, மொத்தம் 54.6. ஒரே தாவலில் எட்ட முடிகிற இடத்துக்கு இடையில் ஆள் வைக்க வேண்டியதில்லை.

படி 8: பேட்டரி, ஆன்டெனா, சட்ட வரம்பு

நாணயப் பேட்டரிகள் வயதாகும்போதும் குளிரிலும் அவற்றின் உள்தடை ஏறும். உச்சத் திறனில் வரும் மின்னோட்டத் துடிப்பால் மின்னழுத்தம் சரிந்து, பாதிச் சக்தி மிச்சமிருக்கும்போதே கருவி மறுதொடக்கம் ஆகிவிடலாம். இணையாக ஒரு மின்தேக்கியை வையுங்கள். ஆனால் அளவைக் கணக்கிட்டு வையுங்கள். 15 மில்லியாம்பியர் துடிப்பு 3 மில்லிவிநாடி நீடித்து, அதை 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி மட்டுமே தாங்குவதாகக் கொண்டால் மின்னழுத்தம் 0.45 வோல்ட் சரியும். அது அதிகம் என்று தோன்றினால் மின்தேக்கியைப் பெரிதாக்குங்கள், அல்லது திறனைக் குறையுங்கள். பேட்டரி மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் உச்சப் படியைத் தடுக்கும் ஒரு வரியை நிரலில் சேர்ப்பது கருவியின் ஆயுளை நீட்டிக்கும்.

ஆன்டெனாவுக்கு அருகில் உலோகமோ பேட்டரியோ இருந்தால் அதன் ஒத்ததிர்வு விலகி, பல டெசிபல்கள் வீணாகும். அந்த இழப்பைத் திறனால் ஈடுகட்ட வேண்டாம். பெட்டிக்குள் ஆன்டெனாவின் இடத்தை மாற்றுங்கள். இங்கே மீட்கும் ஒவ்வொரு டெசிபலும் அனுப்பும்போதும் பெறும்போதும், இரு திசையிலும் பயன் தரும்.

சட்ட வரம்புகள் பெரும்பாலும் சிப்பின் திறனுக்கு அல்ல, ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறனுக்கே விதிக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் 868.0 முதல் 868.6 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் வரம்பு 25 மில்லிவாட்; அதோடு நேரத்தில் 1 சதவீதம், அதாவது மணிக்கு 36 விநாடி மட்டுமே பேசலாம் என்ற விதியும் உண்டு. பரவல் காரணி 12இல் அது மணிக்கு 24 செய்திகள். ஈட்டம் அதிகமுள்ள ஆன்டெனாவை மாட்டினால் சிப்பின் திறனை அதே அளவு குறைத்தாக வேண்டும். உங்கள் கருவி இயங்கும் நாட்டின் விதியை நிறுவலுக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 9: இயங்கும் வலையமைப்பைக் கண்காணியுங்கள்

ஒவ்வொரு கணுவும் நாளுக்கு ஒருமுறை ஐந்து எண்களை அனுப்பினால் போதும்: தற்போதைய திறன் படி, பாதை இழப்பின் சராசரி, ஒப்புகை தவறிய எண்ணிக்கை, மறுமுயற்சிகளின் எண்ணிக்கை, அனுப்பும் நொடியில் அளந்த பேட்டரி மின்னழுத்தம். கடைசி எண்ணை ஓய்வு நேரத்தில் அளக்க வேண்டாம். சுமையில்லாத பேட்டரி கடைசி நாள்வரை நல்ல மின்னழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். ஒரு கணு ஒரு வாரமாக உச்சப் படியிலேயே நின்றால், அதன் திறனைப் பற்றி யோசிக்காமல் நேரில் போய் அதன் இடத்தையும் ஆன்டெனாவையும் பாருங்கள். பல கணுக்கள் ஒரே நாளில் ஏறியிருந்தால் கேட்வேயைப் பாருங்கள். அதன் ஆன்டெனா இணைப்பு தளர்ந்திருப்பதோ, அருகில் புதிதாக ஓர் இரைச்சல் மூலம் வந்திருப்பதோதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.